மீனாட்சிபுரத்தில் கட்டிய வீடு

பொள்ளாச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் பேருந்தில் இடக்கைப் பக்கத்து இருக்கையையே நாம் எப்போதும் தேடிப் பிடிப்பது வழக்கம். அந்தப் பக்கம் அமர்ந்தால்தான் ஆனைமலைத் தொடர் கூடவே வரும். தென்னந்தோப்புகளின் இடைவெளியில் ஒரு கணம் தோன்றும், மறுகணம் மறையும். மலை கண்ணுக்குப் பழகிய வேளையில் ஊர் வந்துவிடும். மஸ்கட்டிலிருந்து ஆண்டுக்கொரு முறை வரும் நமக்கு அந்தச் சிறு பயணத்தில் கிடைக்கும் நிறைவு ஆகாய விமானத்தில் கிடைப்பதில்லை.

மீனாட்சிபுரம் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர்த் தாலுகாவின் எல்லையூர். பெயரோ மதுரை அம்மையுடையது; ஆட்சியோ கேரளத்தினுடையது. கடைப் பலகையில் இரண்டு எழுத்துகள்; கடைக்காரர் நாவில் கொங்குத் தமிழ். சித்தூர்ப் பகுதி பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைப் போலவே இங்கும் தமிழ் பேசுவோர் மொழிச் சிறுபான்மையினர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அவர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. எழுதுகிறவர் எத்தனை பேர் என்று கேட்டால் நம் தம்பி சிரிக்கிறான்.

எல்லை என்றதும் ஏதோ கோட்டை மதிலை அன்பர்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டா. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் ஆரவாரம் ஓய்ந்துவிட்டது. ஆனால் தமிழகத்திலிருந்து செல்லும் பால் வண்டிகளை நிறுத்திச் சோதித்துப் பார்க்கிறார்கள்; ஓணம் நெருங்கினால் அந்த வரிசை நீளும். மனிதர்களுக்கும் சொற்களுக்கும் சோதனை இல்லை. பாலுக்கு மட்டும் உண்டு!

இவ்வூரின் உண்மையான எல்லை தண்ணீரில்தான் இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 முதலே செல்லும் என்று எழுதப்பட்டது. அதன்படி சித்தூர்ப்புழைப் பாசனத்துக்காக மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். அந்நீர் மூலத்தறைக்கு வந்து கால்வாய்களில் பிரிகிறது. வந்ததா, குறைந்ததா, எப்போது வரும் என்பதே தேநீர்க் கடையின் நித்திய பாராயணம். மழைமறைவுப் பூமி, கரிசலும் செம்மண்ணும் கலந்த நிலம், கிணறுகள் ஆழம். அண்மையிலுள்ள பிளாச்சிமடையில் ஒரு குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதை எதிர்த்து மக்கள் போராடி, 2004இல் அது இயக்கத்தை நிறுத்தியதை உலகமே அறியும். தண்ணீரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் பின்னால் விளங்கும்.

வீட்டை அடைந்ததும் அன்னையாரை வணங்கிவிட்டுப் பிள்ளைகளைத் தேடினோம். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னதாகவே தாயுடன் வந்துவிட்ட நம் மகனும், தம்பியின் மகனும் பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணினியின் முன் அமர்ந்திருந்தார்கள். வெளியே மாமரத்தில் காய்கள் தொங்குகின்றன. ஒருவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. திரையில் சதுரம் சதுரமாக ஏதோ ஓர் உலகம். பதினைந்து வயதில் நாம் வாய்க்காலில் குதித்துக் கிடந்தோமே என்ற நினைவு கோபமாக மாறியது. “இதற்காகவா ஆயிரம் கல் கடந்து ஊருக்கு வந்தாய்?” என்று மகனைக் கடிந்துகொண்டோம்.

தம்பி மகன் எழுந்து நின்று, “பெரியப்பா, விளையாடலீங்க. படம் எடுக்கறோமுங்க” என்றான்.

கமெரா எங்கே, நடிகர் எங்கே, விளக்கு எங்கே என்று கேட்டோம். எல்லாம் உள்ளே இருப்பதாகத் திரையைக் காட்டினான். அருகே குனிந்து பார்த்தோம். சரிந்த ஓட்டுக்கூரை, முன்னால் திண்ணை, வலப்புறம் கட்டுத்தரை, அப்பால் வட்டக் கிணறு. வட்டம் என்று நாம் சொல்கிறோம். அவ்வுலகில் வட்டமே கிடையாது, சதுரங்களை வளைத்து அடுக்கியிருந்தார்கள். எனினும் நமக்கு நெஞ்சம் ஒரு கணம் நின்றுவிட்டது. அது நம் வீடு. நாம் பிறந்த வீடு. 2014இல் தந்தையார் மறைந்தார். 2017இல் மஸ்கட்டிலிருந்து பவர் பத்திரத்தில் ஒப்பமிட்டு அனுப்பி, அவ்வீட்டை விற்றது நாம்தான். இன்று அவ்விடத்தில் தென்னை நார் பிரிக்கும் தொழிற்கூடம் நிற்கிறது, கிணற்றை மூடிவிட்டார்கள்.

இந்தக் கலையைப் பற்றி அன்றிரவு பிள்ளைகளிடமும் பின்னர் நூல்களிலும் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கணினி விளையாட்டின் உலகத்தையே அரங்கமாக்கி, அதில் உலவும் பதுமைகளையே நடிகராக்கிப் படம் பிடிப்பதற்கு மெஷினிமா என்று பெயர். இயந்திரமும் சினிமாவும் அசைவூட்டமும் கலந்த சொல். அதில் உள்ள ஓர் எழுத்துப் பிழை அப்படியே நிலைத்துப் பெயராகிவிட்டது. 1996இல் ‘குவேக்’ என்னும் சண்டை விளையாட்டின் ஆட்டக்காரர் சிலர் இரண்டு நிமிடங்கூட இல்லாத ஒரு துணுக்கை எடுத்தார்கள். அதற்கு முன்னரும் ஆட்டங்களைப் பதிவு செய்வதுண்டு. ஆனால் அவை ஆடுபவன் கண்ணால் பார்த்தவை. இந்தத் துணுக்கிலோ ஆடுபவனை விட்டு விலகித் தனியே நின்று பார்க்கும் ஒரு கண் இருந்தது. அந்தக் கண் பிரிந்ததும் விளையாட்டு சினிமாவாயிற்று. 2003இல் அமெரிக்காவின் டெக்ஸஸில் ‘ஹேலோ’ விளையாட்டுக்குள் எடுக்கத் தொடங்கிய ‘ரெட் வெர்ஸஸ் புளூ’ என்னும் நகைச்சுவைத் தொடர் 2024 வரை நீடித்தது. முகமூடி வீரர்களுக்கு வாய் தெரியாது; ஆகவே தலையை ஆட்டுகிறவனே பேசுகிறவன் என்று பார்ப்போர் கொள்ள வேண்டும்.

நம் போன்ற குடியேறிய குடும்பத்தார் நெஞ்சில் கொள்ளத் தக்கது வேறொரு படம். 2005 அக்டோபரில் பாரிஸ் நகரின் புறத்தே கிளிஷி சூ புவா என்னுமிடத்தில், காவலருக்கு அஞ்சி மின்நிலையத்துள் ஒளிந்த இரு சிறுவர் மின்சாரம் தாக்கி மாண்டனர். அதைத் தொடர்ந்து பெருங்கலகம் மூண்டது. செய்தித்தாள்கள் தம் போக்கில் எழுதின. ஹாங்காங்கிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிரான்சில் பிறந்த அலெக்ஸ் சான் என்ற இளைஞர், அப்போதுதான் கடைக்கு வந்திருந்த ‘தி மூவிஸ்’ என்னும் விளையாட்டைக் கொண்டு, புறநகர்ப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து 13 நிமிடப் படம் ஒன்றை எடுத்து அடுத்த மாதமே வெளியிட்டார். விளையாட்டில் பாரிஸ் சுரங்க ரயில் இல்லை. நியூயார்க் ரயிலை வைத்துக்கொண்டார். மின்நிலையம் இல்லை; ஒரு குடிசையை வைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் அதைக் குறையாகக் கொள்ளவில்லை.

தமிழுக்கும் இத்துறை அயலன்று. 2014இல் வந்த ‘கோச்சடையான்’ நடிகர்களின் அசைவை மட்டும் பிடித்துக் கணினி உலகில் வார்த்த படமே. அது பெரும்பொருட்செலவு. இதுவோ, வீட்டுக் கணினியும் மூன்று பிள்ளைகளும்.

மூன்றாவது பிள்ளை யார் என்று கேட்பீர்கள். நம் தங்கையின் மகள். தங்கையை மூணாற்றில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தில் பணி செய்கிறார். தோட்ட லயத்திலிருந்தபடியே அவள் இணையத்தின் வழியே அவ்வுலகத்துக்குள் வந்து நிற்கிறாள். அவள்தான் கமெரா. ‘மைன்கிராஃப்ட்’ என்னும் அவ்விளையாட்டில் பார்வையாளர் நிலை என்று ஒன்றுண்டாம். அந்நிலையில் இருப்பவர் மற்றவர் கண்ணுக்குத் தெரியார், பறக்கலாம், சுவரை ஊடுருவலாம். அவள் திரையில் காண்பதே பதிவாகிறது. மூணாற்றில் மழை பிடித்துக்கொண்டால் இணைப்பு அறுந்துவிடும். அன்று படப்பிடிப்பு இல்லை. முன்பு பொள்ளாச்சி வட்டாரத்தில் ‘தேவர் மகன்’ எடுத்த காலத்தில் வெயிலுக்குக் காத்திருந்த படக்குழுவினரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் மலைமேல் மழை விடக் காத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் நாமும் அவ்வறையில் அமர்ந்து பார்த்தோம். கோபம் எப்போது ஆவலாயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. அவ்வுலகில் எல்லாப் பொருளும் ஒரு மீட்டர்க் கட்டிகள். படிக்கட்டுக் கட்டிகளைச் சரிவாக அடுக்கினால் ஓட்டுக்கூரை. தென்னை இல்லை, காட்டு மரத்தண்டின் உச்சியில் இலைகளை நீட்டித் தென்னை செய்திருந்தார்கள். மாடு உண்டு, காங்கேயம் காளை இல்லை. ஆடை, தலைமயிர், முகம் எல்லாம் 64க்கு 64 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு தாளில் வரைய வேண்டும். அந்த அளவுக்குள் தங்கை மகள் ஒரு வெள்ளை வேட்டியையும் தோள் துண்டையும் நரைத்த மீசையையும் அடக்கியிருந்தாள்.

ஒரு பகல் ஓர் இரவு கொண்ட முழுநாள் அங்கே 20 நிமிடம். அந்தி ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். மாலைக் காட்சியில் ஒருவன் வசனத்தை மறந்தால் இருட்டிவிடும், பூதங்கள் வரும், ஓடி ஒளிய வேண்டும். ஒரு மாலைப் பொழுதுக்காக நான்கைந்து நாள்களைச் செலவழித்தபின்தான், சூரியனை நிறுத்தி வைக்கும் கட்டளை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்களாம். அங்கே மனிதனுக்கு நிற்கவும் ஓடவும் குனியவும் தெரியும், உட்காரத் தெரியாது. படகு, சுரங்க வண்டி போன்றவற்றில் ஏறினால்தான் அமர்ந்த கோலம் வரும். ஆகவே தந்தையாரின் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் ஒரு சுரங்க வண்டியை மறைத்து வைத்து, அதில் அவரை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள்.

நம் தம்பி எட்டிப் பார்த்தவன் வேறொன்றில் மயங்கிப் போனான். இரண்டுக்கு இரண்டு குழி வெட்டி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளி நீரை ஊற்றினால், அக்குழி வற்றாத ஊற்றாகிவிடும். எத்தனை வாளி இறைத்தாலும் குறையாது. “இரண்டு வாளியா?” என்று மும்முறை கேட்டான். பிறகு, “மணக்கடவுல சொல்லி வையுங்கடா” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனான்.

வாய் அசையாத பொம்மைகளைக் கண்டு நாம் நகைத்தபோது, தம்பி மகன் சொன்ன ஒரு மறுமொழி நம்மை வாயடைக்கச் செய்தது. “நம்ம சில்லாவுல பாவைக்கூத்துல ராமனுக்கு வாய் அசையுதுங்களா பெரியப்பா?”

உண்மைதான். பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் தோற்பாவைக்கூத்து நடப்பதை அன்பர்களில் சிலர் கண்டிருக்கலாம். கூத்துமாடம் என்னும் நிலையான மேடையில் நீண்ட திரை கட்டி, தேங்காய் மூடிகளில் 21 விளக்கேற்றி, தோற்பாவைகளின் நிழலை ஆட்டுவார்கள். பாடப்படுவதோ கம்பனின் இராமாயணம்! மலையாள நாட்டின் இரவில், புலவர் என்று பட்டம் பெற்ற கூத்தர்கள் தமிழ் விருத்தம் பாடிப் பொருள் சொல்கிறார்கள். அக்கலையில் தலைமுறைகளாகத் தேர்ந்த குடும்பத்தவரான கே. கே. ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்தமையால் இராமராவண யுத்தத்தைக் காணத் தவறிய பத்திரகாளிக்காகவே இக்கூத்து ஏற்பட்டதென்பது ஐதிகம். ஆகையால் நள்ளிரவுக்குப்பின் கூட்டம் கலைந்து ஒருவரும் இல்லாவிடினும் கூத்து நிற்பதில்லை. பார்க்க வேண்டியவள் எதிரே கோயிலில் இருக்கிறாள்.

பிள்ளைகளின் படத்துக்கும் பார்க்க வேண்டியவர் ஒருவர்தாம் இருந்தார். அவர்களின் அப்பத்தா, நம் அன்னையார். எண்பத்திரண்டு வயது. அவருக்காகவே எடுக்கிறார்கள் என்பதை மூன்றாம் நாள்தான் நம்மிடம் சொன்னார்கள்.

அன்று பிள்ளைகளுக்குள் ஒரு பிணக்கு. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரம் சிற்றூரில் மணமுடித்த ஓர் இணையர் தம் வரவேற்பை மெய்நிகர் உலகத்தில் நடத்தினர். பல ஊர்களிலிருந்தும் உற்றார் பதுமைகளாக வந்து வாழ்த்தினர். மறைந்துவிட்ட மணமகளின் தந்தையையும் பதுமையாக அமைத்து வாழ்த்தச் செய்தனர். அச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நம் மகன் அதை எடுத்துக்காட்டி, அப்பாருவும் பேச வேண்டும் என்றான். தந்தையார் கடைசி ஆண்டில் அலைபேசியில் பேசிப் பதிவாகியிருந்த சில துணுக்குகள் நம்மிடம் உண்டு. அவற்றைக் கொடுத்தால் அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேசும் செயற்கை அறிவு இப்போது இருக்கிறதல்லவா? வசனத்தையும் எழுதி வைத்திருந்தான். கடல் கடந்து போன மகனை நோக்கி அப்பாரு சொல்கிறார்: வீடு போனால் போகட்டும், நீங்கள் நன்றாயிருந்தால் போதும், என்று.

தங்கை மகள் அலைபேசியில், “வேண்டாம் மாமா, நீங்க சொல்லுங்க” என்றாள். தம்பி மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாம் நடுவராக இருக்கத் தகுதியற்றவர் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வசனத்தைப் படித்தவுடன் அதைத் தந்தையாரின் குரலில் கேட்க வேண்டுமென்ற வேட்கை நம்மைப் பற்றிக்கொண்டது. பத்திரத்தில் ஒப்பமிட்ட நாள்முதல் நாம் கேட்க ஏங்கிய சொற்கள் அவை. மகன் அறிந்து எழுதினானா, அறியாமல் எழுதினானா என்று கேட்கவும் துணிவில்லை. அக்குரல் துணுக்குகளை நாமே எடுத்துக் கொடுத்தோம். அரை மணியில் அது பேசிற்று. தந்தையார் போலவே ‘கண்ணு’ என்று தொடங்கிற்று. நாம் எழுந்து வெளியே போய்விட்டோம்.

மாலையில் அன்னையாரை அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்திப் படத்தைப் போட்டார்கள். ஏழு நிமிடம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வீடு தெரிந்ததும் அழுவார் என எதிர்பார்த்தோம். அவரோ, “வேப்ப மரம் அந்தப் பக்கமில்ல கண்ணு, ஆசாரத்துக்கு நேரா இருந்துச்சு” என்றார். “கெணத்துப் படி இத்தனை அகலமில்ல. ஒரு ஆளு எறங்கற அளவுதான்.” பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். பிறகு குரல் வந்தது.

அன்னையார் முடியும்வரை கேட்டார். அவர் முகத்தில் நாம் ஒன்றும் காணவில்லை. “மறுக்காப் போடு” என்றார். மீண்டும் கேட்டார்.

“குரல் அவருதுதான். ஆனா அவரு இப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு” என்றார்.

அறையில் ஒருவரும் பேசவில்லை. அவர் நம் பக்கம் திரும்பவில்லை, பேரன்களிடந்தான் சொன்னார். “வித்துட்டாங்கன்னு தெரிஞ்சா ஒரு வாரம் யாருகிட்டயும் பேச மாட்டாரு. கட்டில்ல அந்தப் பக்கமாத் திரும்பி உட்கார்ந்துக்குவாரு. அப்புறம் அவராத் தண்ணி கேப்பாரு. அதுதான் அவரு. அவரு சொல்லாததச் சொல்ல வைக்காதீங்க சாமி.”

மகன் அழித்துவிட்டான். நாமும் தடுக்கவில்லை. மறுநாள் வேப்ப மரம் இடம் மாறிற்று. கிணற்றுப் படி குறுகிற்று. கட்டிலைத் திருப்பிப் போட்டு, அப்பாரு கேமராவுக்கு முதுகு காட்டி அமர்ந்தார். சொல் ஒன்றும் இல்லை. வேட்டிக்கரை நீலமில்லை, பச்சை என்று அன்னையார் சொல்ல, மூணாற்றிலிருந்து அதுவும் மாறி வந்தது. கடைசிக் காட்சியில் பேரன் ஒரு வாளி நீரைக் கொண்டு வந்து கட்டிலருகே நிற்கிறான். அவர் திரும்புவதற்குள் படம் முடிகிறது. திரும்பினாரா என்று மகனைக் கேட்டோம். எடுக்கவில்லை என்றான்.

நாம் புறப்படும் நாளில், தங்கை மகள் அவ்வுலகின் வேறொரு மூலையில் ஒரு மலைச்சரிவைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர் லயங்கள் புதைந்தன. 70 பேரை இழந்தோம். அவளுடன் பள்ளியில் பயின்றவர்களும் அவ்வரிசையில் இருந்தனராம். வரிசை வரிசையாகத் தகரக் கூரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதில் யாரையும் நடமாட விடப்போவதில்லை என்றாள்.

இப்போது மஸ்கட்டில், நம் கடிகாரத்துக்கு ஐந்து மணியானால் ஊரில் ஆறரை. மகன் அந்நேரத்துக்குக் கணினியைத் திறக்கிறான். அங்கே தம்பி மகனும் திறக்கிறான். அன்னையார் பக்கத்தில் அமர்கிறார். விளக்கு வைக்கும் நேரம். மாடத்தில் ஒரு பந்தத்தைச் செருகச் சொல்கிறார். முதல் சில நாள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருட்டுவதைக் கண்டு, “ஒரே சாயங்காலத்துல எத்தனை தடவடா பொழுது விழும்?” என்று அவர் சலித்துக்கொண்டமையால், பிள்ளைகள் சூரியனை மேற்கே தென்னை மட்டத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.